குற்றம் வேறு, குற்றச்சாட்டு வேறு

“பொதுமக்கள் பணத்தை விழுங்கிய கோடீசுவரனுக்கு வழக்கறிஞர் எதற்கு?” என்று முழங்குவோர் நம்மிடையே உளர். நீதியின்பால் கொண்ட பற்றே அவர்களை அவ்வாறு பேச வைக்கிறது. ஆயினும் அப்பேச்சு நீதிக்கே பகையாகும்.

1985 இறுதியில் சிங்கப்பூரின் பான் எலக்ட்ரிக் நிறுவனம் சரிந்தது. சிங்கப்பூர், கோலாலம்பூர் பங்குச் சந்தைகள் 3 நாள் மூடிக்கிடந்தன. சேமிப்பைப் பங்குகளில் இட்டோர் கலங்கினர். மக்கள் சினம் டான் கூன் சுவான் மீது பாய்ந்தது. மலேசிய சீனர் சங்கத் தலைவராயிருந்த அவர், 1986இல் நம்பிக்கை மோசடிக்கு உடந்தையென ஒப்புக்கொண்டு, 2 ஆண்டுச் சிறையும் 500,000 வெள்ளி அபராதமும் பெற்றார்.

பின்னர் வெளிப்பட்டது என்ன? 1996இல் வேறொரு வழக்கை விசாரித்த தலைமை நீதிபதி யோங் பங் ஹாவ், டான் மீது அக்குற்றம் சாட்டப்பட்டதே சட்டப்படி பிழை எனக் கருதினார். அவ்வழக்கை நடத்திய அரசு வழக்கறிஞர் கிளென் நைட், டானிடம் தாம் மன்னிப்புக் கோரியதை 2012இல் வெளிவந்த தம் நூலில் எழுதினார். சிறையிற் கழிந்த நாள்களை அம்மன்னிப்பு மீட்டுத் தருமோ?

“அவரே ஒப்புக்கொண்டாரே!” என்பர். ஒப்புதல், பொருந்தாத சட்டப்பிரிவைப் பொருந்தியதாக்கிவிடாது. கணக்கேடுகளும் பங்கு மாற்றங்களும் பின்னிக்கிடக்கும் வழக்கில், எது வணிகத் தவறு, எது குற்றம் எனப் பிரித்தறிவது எளிதன்று. அதனைப் பிரித்துக் காட்டுமாறு அரசை வற்புறுத்துவதே எதிர்வாத வழக்கறிஞரின் கடமை. அதனைக் களவுக்குக் காவல் என்பது அறியாமை.

கோவலனை ஆராயாது கொல்வித்த பாண்டியனைப் பழிக்கும் நாம், செல்வரைக் கண்டதும் அப்பாண்டியனாக மாறலாமா? செல்வனுக்கு இன்று மறுக்கும் நியாயம் ஏழைக்கு நாளை எங்ஙனம் கிட்டும்?