செலவுப் பட்டியல் என்னும் புதிய துண்டு

"தோற்றவன் கொடுக்கத்தானே வேண்டும்?" என்று கேட்கிறார்கள் நம் படித்த நண்பர்கள் சிலர். கம்பனியோடு வழக்காடித் தோற்ற தோட்டத் தொழிலாளியிடம் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி நீட்டும் செலவுப் பட்டியலைப் பற்றிய பேச்சு இது. கேள்வி நியாயம்போலவே ஒலிக்கிறது. அதனுள் ஒளிந்திருக்கும் அநியாயத்தைச் சற்று ஆராய்வோம்.

மலையகத்தில் கடன் ஒருநாளும் வெறும் பணக்கணக்காக இருந்ததில்லை. நம் முன்னோர் காலத்தில் 'துண்டு' என்றொரு சீட்டு வழங்கிற்று. தொழிலாளியின் கடனைத் தீர்க்க மற்றொரு தோட்டம் முன்வந்தாலன்றி அவன் விடுதலை பெற இயலாது என்பதற்கு அச்சீட்டே சாட்சி. கடன் எவ்வாறு ஏறியது என்று கேட்க அவனுக்கு வாயில்லை. கங்காணி சொன்னதே கணக்கு. 1921இல் சட்டம் அந்தத் துண்டை ஒழித்தது. ஆனால், பிறர் எழுதிய கணக்கைக் கேள்வியின்றி ஏற்கும் அச்சத்தை எந்தச் சட்டம் ஒழித்தது? அவ்வச்சம்தான் இன்று செலவுப் பட்டியலின் வடிவில் லயத்து வாசலில் வந்து நிற்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது? 1889ஆம் ஆண்டின் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை, வழக்குச் செலவை வழங்குவதையும் பங்கிடுவதையும் நீதிமன்றத்தின் தற்றுணிபுக்கு விட்டிருக்கிறது. செலவு வழங்கப்பட்ட பின்னரும், வென்றவர் எழுதிய தொகை அப்படியே கடனாகிவிடாது. அதன் 214ஆம் பிரிவின்படி, அட்டவணையில் விதித்த வீதங்களைக் கொண்டு பதிவாளர் அப்பட்டியலை மதிப்பிட வேண்டும். அம்மதிப்பீட்டை ஏற்காதவர் நீதிபதியின் முடிவை நாடலாம். கம்பனி தன் சட்டத்தரணிக்கு எவ்வளவு அள்ளிக் கொடுத்தது என்பது வேறு. தோற்றவர் கொடுக்கக் கடமைப்பட்டது எவ்வளவு என்பது வேறு. குறித்த நாளில் வழக்கு நடந்ததா? குறிப்பிட்ட சாட்சி வந்தாரா? ஒரே வேலை இருமுறை எழுதப்பட்டுள்ளதா? எதிர்த்தரப்பே கேட்டுப் பெற்ற தவணைக்குத் தொழிலாளி ஏன் பணம் கட்ட வேண்டும்? இவற்றைக் கேட்பது வீம்பன்று, உரிமை.

"பட்டியலை எதிர்ப்பது வழக்கை வீணே நீட்டுவதாகாதா?" என்பர். வழக்காடும் வல்லமை யாரிடம் இருக்கிறதென்று பாருங்கள். 2021இல் நாட்சம்பளம் 1000 ரூபாய் என்று வர்த்தமானி வெளிவந்ததும் பெருந்தோட்டக் கம்பனிகள் மேன்முறையீட்டு நீதிமன்றம் சென்றன. 2024இல் 1700 ரூபாய் என்றபோது உயர் நீதிமன்றம் சென்று ஜூலையில் இடைக்காலத் தடை பெற்றன. செப்டம்பரில் சம்பளம் 1350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. கம்பனிக்கு வழக்குச் செலவு கணக்கேட்டில் ஒரு வரி. கொழுந்து பறிப்பவளுக்கோ அது உலையில் இடாத அரிசி. அவ்வரிசியை எண்ணி, நியாயம் தன் பக்கம் இருந்தும் லயத்து அறைக்கான வழக்கைக் கைவிடுகிறவர் எத்தனை பேர்!

நம் வரலாற்றில் துணிவுக்குப் பஞ்சமில்லை. 1937இல் பிரேஸ்கேர்டிலை நாடு கடத்த முயன்ற ஆளுநரை எதிர்த்து எச்.வி. பெரேரா கட்டணமின்றி வாதாடி வென்றார். 1940 ஜனவரியில் முல்லோயாவில் கோவிந்தன் பொலிஸாரின் குண்டுக்குப் பலியானபோது, விசாரணை ஆணைக்குழுவின் முன் அவர் மனைவிக்காகக் கொல்வின் ஆர். டி சில்வா நின்றார். அத்தகைய மரபுக்கு உரிமை கொண்டாடும் தொழிற்சங்கங்கள், தீர்ப்பு வந்த மறுகணமே தொழிலாளியைத் தனியே விட்டுச் செல்வது எவ்வகையில் தகும்? சந்தா மாதந்தோறும் பிடிக்கப்படுகிறது. துணை மட்டும் தீர்ப்போடு முடிவதா?

ஆசிரியர்களே, மாணவர்களே! தொழிலாளி வாசிக்க இயலாத மொழியில் பட்டியல் வந்தால், அதை வரிவரியாகத் தமிழில் படித்துக் காட்டுவது நம் கடமை. உரிய காலத்தில் ஆட்சேபம் தெரிவிக்கச் சட்டத்தரணியைத் தேடித் தருவது சங்கத்தின் கடமை. சட்டம் விதித்த செலவை எவரும் மறுக்கவில்லை. அதற்கு மேல் ஒரு சதம் கேட்டாலும், கணக்கைக் காட்டு என்று சொல்லும் வாய் மலையகத்திற்கு வேண்டும்.