பனம்பழம் தானாக விழவில்லை

"டி20-ல எவனும் எவனையும் ஜெயிக்கலாம்" என்பது இன்று டீக்கடை பெஞ்சு முதல் தொலைக்காட்சி வர்ணனை அறை வரை எல்லோரும் ஒப்புக்கொண்ட வேதவாக்கு. கேட்பதற்குப் பெருந்தன்மையாக இருக்கும். ஆனால் இதை எப்போது சொல்கிறார்கள் என்று கவனியுங்கள். அமெரிக்கா பாகிஸ்தானைத் தோற்கடித்த மறுநாள் சொல்வார்கள். நமீபியா இலங்கையைக் கவிழ்த்த மறுநாள் சொல்வார்கள். பெரிய அணி சின்ன அணியை நசுக்கும் நாளில் ஒருவர் வாயிலிருந்தும் இது வராது. அன்றைக்குப் பேச்சே வேறு: "இந்தக் கத்துக்குட்டிகளையெல்லாம் எதற்கு உலகக் கோப்பையில் சேர்க்கிறார்கள்?" ஜெயித்தால் காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை, தோற்றால் லட்சணம் அவ்வளவுதான். எந்தப் பக்கம் புரட்டினாலும் சின்ன அணிக்குப் பாராட்டு கிடைக்காத ஏற்பாடு இது.

இந்த நம்பிக்கை தப்பு என்பது மட்டுமல்ல என் புகார். சிலருக்கு இது ரொம்பவும் வசதியாக இருக்கிறது. வெற்றி அதிர்ஷ்டத்தால் வந்தது என்று முடிவுகட்டிவிட்டால், வென்ற அணிக்கு மேற்கொண்டு ஆட்டங்கள் தரவேண்டிய கடமை யாருக்கும் இல்லையே.

அமெரிக்கா பாகிஸ்தானைத் தோற்கடித்த டல்லாஸ் ஆட்டத்தையே எடுத்துக்கொள்வோம். 2024 ஜூன் 6. பாகிஸ்தான் 159, அமெரிக்கா 159, பிறகு சூப்பர் ஓவர். முகமது அமீர் வீசிய அந்த ஓவரில் அமெரிக்கா எடுத்த 18 ரன்களில் 7 வைடு வழியாக வந்தவை. "பார்த்தீர்களா, அமீர் தூக்கிக் கொடுத்தது" என்பார்கள். வைடு போட்டது அமீர்தான். ஆனால் வைடுக்கு ஒரு ரன்தான். மிச்சம் எப்படி வந்தது? பந்து கீப்பர் ரிஸ்வான் கைக்குப் போன பிறகும் ஆரோன் ஜோன்ஸும் ஹர்மீத் சிங்கும் யோசிக்காமல் ஓடினார்கள். நெருக்கடியில் அப்படிக் கால் தானாகக் கிளம்புவது பழக்கத்தில் வருவது. அடுத்து 18 ரன்களைக் காப்பாற்றப் பந்தை வாங்கியவர் சௌரப் நேத்ரவால்கர். ஆரக்கிள் நிறுவனத்துப் பொறியாளர். 2010-இல் இந்தியாவின் 19 வயதுக்குட்பட்டோர் அணிக்காக உலகக் கோப்பை ஆடியவர். முதன்மை ஆட்டத்திலும் 4 ஓவர்களில் 18 ரன் மட்டும் கொடுத்து 2 விக்கெட் எடுத்திருந்தார். சூப்பர் ஓவரில் பாகிஸ்தானுக்குக் கிடைத்தது 13.

அந்த மைதானம் அமெரிக்கர்களுக்குப் புதிதல்ல. முந்தைய ஆண்டு மேஜர் லீக் கிரிக்கெட் ஆட்டங்கள் பல அங்கேதான் நடந்தன. 2024 ஏப்ரலில் கனடாவுடன் ஒரு தொடர் ஆடி 4-0 என வென்றார்கள். மே மாதம் உலகக் கோப்பைக்கு வந்த வழியில் வங்கதேசம் ஹூஸ்டன் பக்கத்தில் மூன்று ஆட்டங்கள் ஆடியது. அமெரிக்கா 2-1 என அதையும் வென்றது. ஆக, பாகிஸ்தானைச் சந்திப்பதற்கு முந்தைய மூன்று வாரங்களுக்குள் ஒரு டெஸ்ட் நாட்டை இருமுறை தோற்கடித்திருந்த அணி அது. இத்தனை தடயங்களையும் விட்டுவிட்டு, கடைசியில் விழுந்த மூன்று வைடுகளை மட்டும் பிடித்துக்கொள்வது என்ன நியாயம்?

ஒன்றை மறைக்க விரும்பவில்லை. குறுகிய ஆட்டத்தில் தற்செயலுக்கு இடம் கூடுதல்தான். 120 பந்தில் இரண்டு கேட்ச் நழுவினால் ஆட்டம் திரும்பும். ஐந்து நாள் டெஸ்டில் அந்தத் தவறைச் சரிக்கட்ட நேரம் இருக்கிறது. சரி. ஆனால் இரண்டு கேட்ச் தூரத்துக்குள் வந்து நிற்கும் அணிக்குத்தான் அந்தத் தற்செயல் உதவும். நாற்பது ரன் பின்தங்கிய அணிக்கு எதிராளி ஐந்து கேட்ச் விட்டாலும் பயனில்லை. அந்த இடைவெளியைக் குறைப்பதற்குப் பெயர்தான் தயாரிப்பு.

நெதர்லாந்தைப் பாருங்கள். 2009 உலகக் கோப்பையின் முதல் ஆட்டத்தில் லார்ட்ஸ் மைதானத்திலேயே இங்கிலாந்தைக் கடைசிப் பந்தில் வென்றது. 2014-இல் சிட்டகாங்கில் மறுபடியும் இங்கிலாந்து. இந்தமுறை 88 ரன்னில் சுருட்டி, 45 ரன் வித்தியாசத்தில். 2022-இல் அடிலெய்டில் தென்னாப்பிரிக்காவை 13 ரன்னில் வென்று அரையிறுதிக் கனவையே கலைத்தது. மூன்றும் அதிர்ஷ்டம் என்று வைத்துக்கொண்டாலும், 2023-இல் ஐம்பது ஓவர் உலகக் கோப்பையில் நடந்ததற்கு என்ன பெயர் வைப்பது? தரம்சாலாவில் அதே தென்னாப்பிரிக்கா 38 ரன்னில் தோற்றது. அதுவாவது மழையால் 43 ஓவராகக் குறைந்த ஆட்டம். கொல்கத்தாவில் முழு ஆட்டத்தில் வங்கதேசத்தை 87 ரன்னில் வென்றார்களே. நீண்ட ஆட்டத்தில் தற்செயல் குறையும் என்று நமக்குப் பாடம் எடுத்தவர்கள் இங்கே மௌனமாகிவிடுகிறார்கள்.

நெதர்லாந்துக்கு நடுவில் கிடைத்தது எது என்பதுதான் கேள்வி. 2020 முதல் 2023 வரை நடந்த ஒருநாள் சூப்பர் லீகில் 12 முழு உறுப்பு நாடுகளோடு பதின்மூன்றாவதாகச் சேர்க்கப்பட்ட ஒரே அணி அதுதான். பெரிய அணிகளோடு 24 ஆட்டங்கள் என்று அட்டவணை போடப்பட்டது. புள்ளிப் பட்டியலில் கடைசி இடம்தான் கிடைத்தது. வாங்கிய அடிகள் ஏராளம். ஆனால் மணிக்கு 145 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்தை உள்ளூர் கிளப் ஆட்டத்தில் எங்கே போய்ப் பார்ப்பது? அதை அந்த மூன்று ஆண்டுகளில் பார்த்தார்கள். பிறகு இந்தியாவுக்கு வருமுன் ஒரு வேடிக்கை செய்தார்கள். பெங்களூரு அருகே ஆலூரில் பயிற்சி முகாமுக்கு நெட் பவுலர்கள் தேவை என்று சமூக ஊடகத்தில் விளம்பரம் கொடுத்தார்கள். வீடியோக்கள் ஆயிரக்கணக்கில் குவிந்தன; நால்வரைத் தேர்ந்தெடுத்தார்கள். அதில் ஒருவர் சென்னையில் உணவு டெலிவரி செய்துவந்த இடக்கைச் சுழலர். நம் ஊர் ஊடகங்கள் அதை உருக்கமான செய்தியாக மட்டும் எழுதிவிட்டு நகர்ந்தன. எனக்கு அதில் தெரிவது வேறு: இந்திய ஆடுகளத்தில் எந்த மாதிரிப் பந்து வரும் என்று கணக்குப் போட்டு, கையில் காசில்லாமலே அதை வலைக்குள் கொண்டுவந்த புத்தி. அதிர்ஷ்டத்தை நம்பியிருப்பவன் விளம்பரம் கொடுக்கமாட்டான்.

அந்த சூப்பர் லீகை ஒரு சுற்றோடு மூடிவிட்டார்கள்.

நமீபியா கதை இன்னும் சுருக்கமானது. 2021 அக்டோபரில் அபுதாபியில் இலங்கை அவர்களை 96 ரன்னில் உருட்டி ஏழு விக்கெட்டில் வென்றது. ஏறக்குறைய ஓராண்டு கழித்து கீலாங்கில் அதே இரு அணிகள். நமீபியா 163, இலங்கை 108. சில வாரங்களுக்கு முன்புதான் ஆசியக் கோப்பையை வென்றுவந்த இலங்கை அது. அதே நமீபியா அடுத்த இரண்டு ஆட்டங்களில் நெதர்லாந்திடமும் ஐக்கிய அரபு அமீரகத்திடமும் தோற்று வெளியேறியது உண்டு. அதைக் காட்டி, "சொன்னோமில்லையா" என்றார்கள். சக இணை உறுப்பு நாடுகளிடம் தோற்றதே அந்த நாடுகளும் வளர்ந்திருப்பதற்குச் சாட்சி என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

இனி நேபாளம். 2016 முதல் 2019 வரை வாரியக் குளறுபடியால் ஐசிசி அவர்களை இடைநீக்கம் செய்திருந்தது. இருந்தும் கீர்த்திபூரில் கூட்டம் குறையவில்லை. மேடு, மதில் என்று இடம் கிடைத்த இடத்தில் நின்று பார்க்கிறார்கள். 2024 உலகக் கோப்பைக்கு முன் வெஸ்ட் இண்டீஸ் ஏ அணி அங்கே வந்து ஐந்து டி20 ஆடியது; மூன்றில் தோற்று இரண்டில் வென்றது நேபாளம். ஜூன் மாதம் கிங்ஸ்டவுனில் தென்னாப்பிரிக்காவை 115 ரன்னில் நிறுத்தினார்கள். குஷால் புர்தெல் நான்கு விக்கெட், தீபேந்திர சிங் ஐரி மூன்று. கடைசி இரண்டு பந்தில் இரண்டு ரன் தேவை. ஒன்று டாட் பந்து. மற்றதில் குல்சன் ஜா பந்தைத் தவறவிட்டு ஓடி, ரன் அவுட். ஒரு ரன்னில் தோல்வி. "அழுத்தம் தாங்கத் தெரியவில்லை" என்று விமர்சகர்கள் தீர்ப்பு எழுதினார்கள். தெரியாதுதான். தென்னாப்பிரிக்காவை அவர்கள் சர்வதேச டி20-இல் சந்தித்ததே அன்றுதான் முதல்முறை. அதுமாதிரிக் கடைசி ஓவர்களை நம் பையன்கள் ஐபிஎல்லில் ஒரே பருவத்தில் எத்தனை பார்த்துவிடுகிறார்கள்! ஏணியைக் கொடுக்காமல், ஏறத் தெரியவில்லை என்று குறை சொல்வது நம் பழைய பழக்கம்.

அடுத்தது, ஒருதலைப்பட்சமான ஆட்டங்கள் கோப்பையைக் கெடுக்கின்றன என்கிற வாதம். உகாண்டா 39 ரன்னில் ஆட்டமிழந்ததைக் காட்டுவார்கள். உண்மை, அது வெஸ்ட் இண்டீஸிடம் வாங்கிய மோசமான அடி. ஆனால் 2021-இல் நடப்புச் சாம்பியனாக வந்த அதே வெஸ்ட் இண்டீஸ் துபாயில் இங்கிலாந்திடம் 55 ரன்னில் சுருண்டது. 2024-இல் நியூயார்க்கில் இலங்கை 77. கயானாவில் ஆப்கானிஸ்தானிடம் நியூசிலாந்து 75. இவர்களில் யாரை நீக்கச் சொல்லிக் கேட்டோம்? அதே உகாண்டாவின் ஃபிராங்க் என்சுபுகா, 43 வயதில், பப்புவா நியூ கினிக்கு எதிராக 4 ஓவர் வீசி 4 ரன் கொடுத்து 2 விக்கெட் எடுத்தார். அந்த ஆட்டத்தை உகாண்டா வென்றது. 39 மட்டும் நினைவில் நிற்கிறது.

வரலாறு தெரிந்தவர்களுக்கு இந்த அவசரம் சிரிப்பைத் தரும். 1932-இல் டெஸ்ட் ஆடத் தொடங்கிய இந்தியா முதல் வெற்றியைப் பார்க்க 1952 பிப்ரவரி வரை காத்திருந்தது; சேப்பாக்கத்தில் வினு மன்கட் 12 விக்கெட் எடுத்து இங்கிலாந்தை இன்னிங்ஸ் வித்தியாசத்தில் வீழ்த்தினார். நியூசிலாந்துக்கு 26 ஆண்டு பிடித்தது. அதற்கு முந்தைய ஆண்டு ஆக்லாந்தில் 26 ரன்னில் ஆட்டமிழந்திருந்தார்கள். டெஸ்டில் இன்றுவரை அதைவிடக் குறைந்த ஸ்கோர் இல்லை. அப்போது யாராவது, "இவர்கள் தேறமாட்டார்கள், நிறுத்துங்கள்" என்றார்களா? 1979 உலகக் கோப்பையில் நம்ம ஊர் வெங்கட்ராகவன் தலைமையிலான இந்தியாவை இலங்கை 47 ரன்னில் வென்றபோது இலங்கை வெறும் இணை உறுப்பினர். அதை அதிர்ஷ்டம் என்று ஒதுக்கியிருந்தால் 1981-இல் அவர்களுக்கு டெஸ்ட் தகுதி கிடைத்திராது, 1996-இல் லாகூரில் அர்ஜுன ரணதுங்க கோப்பையைத் தூக்கியிருக்கமாட்டார்.

கென்யாவைத்தான் அப்படி ஒதுக்கினார்கள். 2003 உலகக் கோப்பையில் நைரோபியில் இலங்கையை வென்று அரையிறுதி வரை போன அணி. நியூசிலாந்து பாதுகாப்புக் காரணம் சொல்லி வராததால் கிடைத்த புள்ளிகளைக் காட்டி, "ஓசியில் போனவர்கள்" என்று முடித்துவிட்டார்கள். அதன்பின் பெரிய அணிகள் கென்யாவோடு ஆடுவதையே அருகவிட்டன. உள்ளே வாரிய ஊழல், சம்பளத் தகராறு, வேலைநிறுத்தம் எல்லாம் இருந்தன. அந்தப் பழி கென்யர்கள் மேல்தான். ஆனால் நோயாளிக்குச் சோறும் போடாமல் விட்டது யார்? 2014-இல் ஒருநாள் தகுதியையும் இழந்தது கென்யா.

வெளிநாட்டிலிருந்து குடியேறியவர்களை வைத்து ஆடுகிறார்கள் என்று இன்னொரு முணுமுணுப்பு. 2019-இல் இங்கிலாந்துக்கு உலகக் கோப்பை வாங்கிக் கொடுத்த இயான் மோர்கன் டப்ளினில் பிறந்து அயர்லாந்துக்கு ஆடியவர். இதற்கு மேல் இதில் பேச எனக்குப் பொறுமையில்லை.

பணத்துக்கு வருவோம். 2024 முதல் 2027 வரையிலான ஐசிசி வருமானப் பங்கீட்டில் இந்திய வாரியத்துக்கு மட்டும் சுமார் 38.5 சதவீதம். தொண்ணூறுக்கும் மேற்பட்ட இணை உறுப்பு நாடுகளுக்கு எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 11 சதவீதம். ரசிகர்களும் விளம்பரமும் இந்தியாவிலிருந்து வருவதால் இந்தியாவுக்குப் பெரிய பங்கு நியாயம் என்பார்கள். பங்கு பெரிதாக இருக்கட்டும். ஆனால் மிச்சத்தில் வீரருக்குச் சம்பளம், பயிற்சியாளர், விமானச் சீட்டு, ஆடுகளம் எல்லாம் பார்த்துக்கொண்டு, அலுவலகத்தில் விடுப்பும் வாங்கிக்கொண்டு வருகிறவன் ஒரு நாள் ஜெயித்தால், அதற்கு அதிர்ஷ்டம் என்று பெயர் வைக்க நமக்கு வாய் எப்படி வருகிறது? ஆப்கானிஸ்தான் 2008-இல் ஜெர்சித் தீவில் ஐந்தாம் பிரிவுப் போட்டியில் தொடங்கி 2024-இல் ஆஸ்திரேலியாவையும் நியூசிலாந்தையும் வென்று அரையிறுதிக்கு வந்தது. ரஷீத் கானுக்கு 2017 முதல் ஐபிஎல் என்ற பள்ளிக்கூடம் கிடைத்தது. எல்லா நாட்டுக்கும் ஒரு ரஷீத் அமையமாட்டார். மற்றவர்களுக்கு ஆட்டங்கள்தான் பள்ளிக்கூடம்.

2025 செப்டம்பரில் ஷார்ஜாவில் நேபாளத்துக்கு மூன்று ஆட்டங்கள் கிடைத்தன, எதிரணி வெஸ்ட் இண்டீஸ். முதல் ஆட்டத்தில் 19 ரன் வெற்றி, இரண்டாவதில் 90 ரன் வெற்றி, மூன்றாவதில் பத்து விக்கெட் தோல்வி. அடுத்த மாதம் விண்ட்ஹூக்கில் நமீபியா தென்னாப்பிரிக்காவைக் கடைசிப் பந்தில் வென்றது. இரண்டிலும் பெரிய அணிகள் முழு பலத்தோடு வரவில்லை என்பார்கள். வரட்டுமே, யார் வேண்டாம் என்றது? 20 அணிகள் ஆடும் உலகக் கோப்பையில் முழு உறுப்பினர்கள் அதிகம் போனால் 12 பேர். மிச்சமிருக்கும் எட்டுச் சொச்சம் இடங்களுக்கு வருகிற அணிகளில் ஒவ்வொன்றோடும், போட்டிக்கு முந்தைய மூன்று மாதத்தில், ஏதாவது ஒரு பெரிய அணி மூன்று ஆட்டம் ஆடினால் அந்தப் பெரிய அணிக்கு ஒரு வார வேலை. வங்கதேசம் ஹூஸ்டன் போனது தர்மத்துக்காக அல்ல, தன் பயிற்சிக்காக. அதைப் போலவே மற்றவர்களும் கீர்த்திபூருக்கும் விண்ட்ஹூக்குக்கும் ஆம்ஸ்டெல்வீனுக்கும் போகலாம். ஒரு வார அட்டவணையைக்கூட ஒதுக்க மறுக்கும் வாரியங்கள் அதற்கான காரணத்தை வெளிப்படையாகச் சொல்லட்டும்.