உறையின் விலை

வணிகர் பொருளை மட்டும் கொடுப்பதில்லை; அதனைப் பொதிந்த உறையையும் உடன் கொடுக்கின்றார். பொருள் வீடு சேர்ந்து பயன்படுகின்றது; உறை வீடு சேர்ந்த சில நொடிகளில் வெளியே எறியப்படுகின்றது. ஆதலின் பொருளின் தரத்தைப் பலமுறை சோதித்து வாங்கும் மக்கள், உறையைப் பற்றி ஒரு வினாவும் எழுப்புவதில்லை. சிறுவணிகர்க்கோ அவ்வினா நாள்தோறும் எழுகின்றது. விலை குறைந்த நெகிழிப் பையைக் கொள்வதா? விலை மிகுந்தாலும் மண்ணுக்குக் கேடு செய்யாத உறையைக் கொள்வதா? சிறியதாகத் தோன்றும் இவ்வினாவினுள் வணிக அறமும் வயிற்றுப்பாடும் ஒன்றோடொன்று மோதுகின்றன.

தமிழகத்துக் கடைவீதிகளில் முன்னாளில் இச்சிக்கல் இருந்ததில்லை. பூச்சரம் வாழையிலையில் மடிக்கப்பட்டது. சிற்றுண்டி மந்தார இலையில் கட்டப்பட்டது. கருப்பட்டி பனையோலைக் கொட்டானில் அடைக்கப்பட்டது. பதநீர் ஓலைப்பட்டையில் வார்க்கப்பட்டது. எண்ணெய் வாங்கச் செல்வோர் தூக்குச்செம்பை உடன் எடுத்துச் சென்றனர். திருமண வீட்டில் தாம்பூலத்தோடு தந்த மஞ்சட்பை பல ஆண்டுகள் சந்தைக்கும் ஊருக்கும் உழைத்தது. உதவி முடிந்தபின் இலையும் ஓலையும் மட்கி மண்ணோடு கலந்தன. எறிவதற்கென்றே செய்யப்பட்ட பொருள் அக்காலத்து வணிகத்தில் மிகக் குறைவு.

பிளாஸ்டிக் எனப்படும் நெகிழி அந்நிலையை மாற்றிவிட்டது. பைகள் செய்யப் பயன்படும் பாலித்தீன் 1933ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டு ஆய்வுக்கூடம் ஒன்றில் தற்செயலாகக் கண்டறியப்பட்டது. கைப்பிடியோடு ஒரே துண்டாக அமைந்த பைக்குச் சுவீடன் நாட்டவர் 1965ஆம் ஆண்டில் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றனர். நெகிழியின் நற்குணங்களை மறைத்துப் பேசுதல் நேர்மையாகாது. அது மிக மெல்லியது, நீர் புகாதது, மழையில் கிழியாதது, விலையோ மிகக் குறைந்தது. ஈரமான மீனையும் தோசை மாவையும் சிந்தாமல் கொண்டுசெல்ல வேண்டிய சிறுவணிகர் அதனைப் பெரும் துணையாகக் கருதியதில் வியப்பில்லை.

ஆயின் அதன் வன்மையே அதன் குற்றமாயிற்று. கால்மணி நேரம் பயன்படும் பை, மட்காமல் நெடுங்காலம் மண்ணில் கிடக்கின்றது. சாக்கடையை அடைக்கின்றது, எரித்தால் நச்சுப்புகையாகின்றது, உணவு ஒட்டிய பையை விழுங்கிய பசுவின் வயிற்றில் தங்கி அதன் உயிரையே வாங்குகின்றது. வங்காள தேசத்தில் 1988, 1998 ஆகிய ஆண்டுகளில் பெருவெள்ளம் வந்தபொழுது, மெல்லிய பைகள் வடிகால்களை அடைத்து நீரைத் தேக்கின. அதனால் 2002ஆம் ஆண்டில் அந்நாடு உலகிலேயே முதலாவதாக அத்தகைய பைகளைத் தடைசெய்தது.

இங்கு ஒரு கணக்கினைப் பார்த்தல் வேண்டும். நெகிழிப் பை மலிவானது என்பது பாதி உண்மையே. அதன் விலையில் ஒரு சிறு பகுதியைத்தான் விற்பவர் செலுத்துகின்றார். எஞ்சிய பகுதியைச் சாக்கடையில் இறங்கி அடைப்பெடுக்கும் தொழிலாளர் செலுத்துகின்றார். வயலில் உழும்பொழுது பைகளைப் பொறுக்கும் உழவர் செலுத்துகின்றார். வாயில்லாப் பசு செலுத்துகின்றது. இனிப் பிறக்கும் குழந்தைகளும் செலுத்துவர். பிறர் தலையில் ஏற்றப்பட்ட கடனுக்கு மலிவு என்று பெயரிடுதல் பொருந்துமா?

இதனை உணர்ந்தே தமிழ்நாட்டு அரசு 2018ஆம் ஆண்டு சூன் 5ஆம் நாள் தடையை அறிவித்தது. ஒருமுறை பயன்படுத்தி எறியப்படும் 14 வகை நெகிழிப் பொருள்கள், தடிமன் எத்துணையாயினும், 2019ஆம் ஆண்டு சனவரி முதல் நாளிலிருந்து விலக்கப்பட்டன. 2021ஆம் ஆண்டு திசம்பர் 23ஆம் நாள் 'மீண்டும் மஞ்சப்பை' என்னும் இயக்கம் தொடங்கியது. இந்திய அரசும் ஒருமுறை பயன்படும் நெகிழிப் பொருள்கள் பலவற்றை 2022ஆம் ஆண்டு சூலை முதல் நாளிலிருந்து தடுத்தது. ஆயினும் மெல்லிய பைகள் கடைவீதியிலிருந்து முற்றும் மறைந்தபாடில்லை.

அதற்குச் சிறுவணிகரின் பேராசை காரணம் என்று கூறிவிடுதல் எளிது, அது நீதியன்று. நாளொன்றுக்கு நூறு பேருக்கு விற்கும் ஒருவர், உறை ஒன்றுக்கு இரண்டு ரூபாய் கூடுதலாகச் செலவிட்டால், மாலையில் அவர் மடியில் 200 ரூபாய் குறையும். அது அவர் வீட்டு அடுப்பெரிய வேண்டிய பணம். விலையைக் கூட்டினால் வாங்குவோர் அடுத்த கடையை நாடுவர். பை இல்லை என்றாலும் அவ்வாறே செய்வர். மேலும், ஆலைகளில் பளபளக்கும் நெகிழி உறையிட்டு அனுப்பப்படும் நொறுக்குத்தீனிகள் கடைவாயிலில் மாலை மாலையாகத் தொங்குகின்றன. அக்கடையின் எதிரில் முறுக்கு விற்கும் மூதாட்டியின் பையை மட்டும் பறிமுதல் செய்தால், சட்டம் எளியாரிடமே வலிமை காட்டுகின்றது என்று மக்கள் எண்ணமாட்டார்களா? பையைச் செய்யும் ஆலையையும் மொத்தமாக விற்கும் கிடங்கையும் முதலில் தடுத்து நிறுத்துவதே முறையாகும்.

இனி, 'இயற்கைக்கு உகந்தது' என்று பெயர் சூட்டப்பட்ட யாவும் உகந்தவை அல்ல. துணிபோலத் தோன்றும் ஒருவகைப் பை கடைகளில் கிடைக்கின்றது. அது நூலால் நெய்யப்பட்டதன்று. பாலிபுரொப்பிலீன் என்னும் நெகிழி இழைகளை ஒட்டிச் செய்யப்பட்டது. தாளால் ஆன தேநீர்க் குவளையின் உட்புறத்திலும் நெகிழி பூசப்பட்டிருப்பதுண்டு. தமிழ்நாட்டின் தடை இவ்விரண்டையும் உள்ளடக்கியது. பழைய செய்தித்தாளில் வடையைப் பொதிந்தால், அச்சு மையிலுள்ள கேடு எண்ணெயோடு உணவில் இறங்கும். ஆதலின் 2018ஆம் ஆண்டின் உணவுப் பொதிவு விதிகள் அதனையும் விலக்கின.

பருத்திப் பைக்கும் ஒரு வரையறை உண்டு. இங்கிலாந்து நாட்டுச் சுற்றுச்சூழல் துறை 2011ஆம் ஆண்டில் ஓர் ஆய்வினை வெளியிட்டது. புவியின் வெப்பத்தைக் கூட்டும் தன்மையை மட்டும் நோக்கின், ஒருமுறை பயன்படும் நெகிழிப் பையினும் பருத்திப் பை நன்றாவதற்கு அது 131 முறை பயன்படுதல் வேண்டும் என்பது அதன் முடிவு. வடிகால் அடைபடுவதும் பசு மடிவதும் அக்கணக்கில் சேரவில்லை. எனினும் அதில் ஓர் உண்மை அடங்கியுள்ளது. வாரந்தோறும் புதிய துணிப்பை வாங்கி மூலையில் எறிபவர் இயற்கைக்கு நன்மை செய்பவர் ஆகார். ஒரே பையை ஆண்டுக்கணக்கில் சுமப்பவரே நன்மை செய்பவர். பை எதனால் ஆனது என்பதோடு, எத்தனை முறை பயன்பட்டது என்பதும் எண்ணத்தக்கது.

எனவே, மலிவான உறையா, விலை மிக்க உறையா என்று இரண்டிற்கிடையே தடுமாறும் சிறுவணிகர்க்கு மூன்றாவது வழி ஒன்று உண்டு. உறையையே குறைத்தல் அவ்வழி. பொருளை நிறுக்குமுன், "பை கொண்டு வந்தீர்களா?" என்று கேட்டல் வேண்டும். கொண்டு வராதவர்க்குத் தரும் பைக்குத் தனியே விலை பெறுதல் வேண்டும். இலவசமாகக் கிடைப்பதை எவரும் போற்றுவதில்லை. பூவிற்கும் சிற்றுண்டிக்கும் இலை போதும். மாவும் குழம்பும் வாங்குவோர் பாத்திரம் கொண்டு வருதல் வேண்டும். ஒரு கடைக்காரர் மட்டும் இதனைச் செய்தால் அவர் வாணிகம் தளரும். ஒரு வீதியின் கடைக்காரர் அனைவரும் ஒன்றுகூடி ஒரே நாளில் செய்தால் எவர்க்கும் இழப்பில்லை. துணிப்பைகளையும் தாட்பைகளையும் மகளிர் குழுக்களிடம் மொத்தமாக வாங்கிப் பகிர்ந்து கொண்டால் விலையும் குறையும்.

இம்முயற்சியின் வெற்றி வாங்குவோர் கையிலேயே உள்ளது. சென்னைக் கோயம்பேட்டுச் சந்தையில் 2022ஆம் ஆண்டில் 10 ரூபாய்க்கு மஞ்சட்பை வழங்கும் பொறி நிறுவப்பட்டது. பொறி பையைக் கொடுக்கும். அதனை மறுநாளும் எடுத்து வரும் பழக்கத்தைக் கொடுக்காது. அப்பழக்கம் வீட்டிலும் பள்ளியிலும் தோன்ற வேண்டும். மஞ்சட்பை ஏந்துவோரை நாட்டுப்புறத்தார் என்று நகைத்த காலம் ஒன்றிருந்தது. அந்நகைப்பை அஞ்சி வெறுங்கையோடு கடைக்குச் செல்வோரே சிறுவணிகரை நெகிழியின்பால் தள்ளுகின்றனர். கடைக்கு அனுப்பப்படும் சிறுவனும் சிறுமியும் கையில் பையோடு புறப்பட்டால், கடைக்காரரின் தடுமாற்றத்தில் பாதி அன்றே நீங்கிவிடும்.