காவலுக்கும் காவல் வேண்டும்



மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத் தோட்டங்களுக்கு இரவுக் காவல் புதியதன்று. சோளத்தையும் வாழையையும் காக்கப் பரண் கட்டி, தகரத்தைத் தட்டி, விடியும்வரை விழித்திருந்த குடும்பங்கள் பல. இன்று பல தோட்டங்களில் பரணுக்குப் பதில் ஒரு கம்பமும், அதன் உச்சியில் ஒரு காமிராவும் இருக்கின்றன. காட்டுப் பன்றி வந்தாலும், மோட்டாரின் செம்புக் கம்பியைத் திருட ஆள் வந்தாலும் அது காட்டிக்கொடுக்கும் என்று நம்பி வீட்டார் உறங்குகிறார்கள்.

அந்த நம்பிக்கை நியாயமானதுதானா? பரணில் இருந்தவருக்குக் காய்ச்சல் கண்டால் சொல்லி அனுப்புவார், வேறொருவர் போவார். காமிராவோ பார்வை இழந்த பின்னும் கம்பத்தில் அப்படியேதான் இருக்கும். பராமரிக்கப்படாத காமிரா, காமிரா இல்லாமையைவிடக் கேடானது என்பது என் கருத்து. இல்லையென்று தெரிந்தால் வேறு ஏற்பாடு செய்வோம். இருக்கிறதென்று நம்பினால் ஒன்றும் செய்யமாட்டோம்.

‘அதற்கெல்லாம் மெக்கானிக் வரவேண்டும்’ என்று பெரியவர்கள் கூறலாம். ஆனால் காமிரா பழுதாகும் வழிகள் பலவற்றுக்கு விளக்கம் உங்கள் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது.

முதலில் சிலந்தி வலையைப் பார்ப்போம். இரவில் காமிரா தன்னைச் சுற்றியுள்ள சிறு விளக்குகளிலிருந்து அகச்சிவப்புக் கதிர்களை வீசுகிறது. ஏறத்தாழ 850 நானோமீட்டர் அலைநீளமுள்ள இக்கதிர்களை நம் கண் அநேகமாக உணர்வதில்லை. காமிராவிலுள்ள சிலிக்கன் உணர்கிறது. ஒளியின் செறிவு தூரத்தின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறையும் என்று படித்திருக்கிறீர்கள். திருடன் 10 மீட்டர் தூரத்திலும், வலையின் இழை 5 சென்டிமீட்டர் தூரத்திலும் இருப்பதாகக் கொள்வோம். தூரம் 200 மடங்கு. ஆகவே இழையின்மீது விழும் ஒளி 40,000 மடங்கு செறிவானது! திரையில் வெண்மூட்டம் மட்டுமே தெரியும், ஆள் தெரியமாட்டான். மெல்லிய துணி கட்டிய ஒரு நீண்ட கழியால் இந்தப் பழுது தீர்ந்துவிடும்.

அடுத்து பனி. தெளிந்த இரவில் கண்ணாடி தன் வெப்பத்தை வானத்தை நோக்கிக் கதிர்வீசி இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடுகிறது. காற்றில் ஈரம் போதிய அளவு இருந்தால் அதன்மேல் பனித்துளி படிகிறது. காமிராவின் மேல் ஒரு சிறு கூரை நீட்டியிருந்தால் இது பெரிதும் குறையும்.

மின்சாரம் எட்டாத வயல்களில் சூரியத் தகட்டையும் பேட்டரியையும் நம்பியே காமிரா இயங்குகிறது. ஒரு காமிரா 6 வாட் எடுத்துக்கொண்டால், 24 மணி நேரத்துக்கு 144 வாட்-மணி தேவை. 12 வோல்ட், 20 ஆம்பியர்-மணி ஈய அமில பேட்டரியில் 240 வாட்-மணி இருக்கும். ஆனால் அது நீண்டநாள் உழைக்க வேண்டுமானால் பாதிக்குமேல் இறக்கலாகாது. எஞ்சுவது 120. ஒரு நாள் முழுதும் வானம் மூடியிருந்தால் மறுநாள் விடிவதற்குள் காமிரா கண்ணை மூடிவிடும். இந்தக் கணக்கைக் கடைக்காரர் போட்டுக் காட்டாவிட்டாலும் நீங்கள் போடலாம். தகட்டைக் காலையில், சூடேறுமுன், துடையுங்கள். அதன் செல்கள் தொடராக இணைக்கப்பட்டவை. ஒரு செல்லைக் காக்கை எச்சம் மூடினாலும் தொடர் முழுவதிலும் மின்னோட்டம் குறையலாம்.

கடிகாரத்தையும் மறக்கலாகாது. குவார்ட்ஸ் கடிகாரம் பத்து லட்சத்தில் 20 பங்கு பிழைபட்டாலும் நாளைக்கு 1.7 வினாடி, ஓர் ஆண்டில் பத்து நிமிடத்துக்குமேல் விலகிவிடும். நேரம் தவறான படத்தைக் கொண்டு யார் எப்போது வந்தார் என்று எப்படி நிறுவுவது? குற்றமற்ற ஒருவர்மீது பழி விழவும் அது காரணமாகலாம்.

கடவுச்சொல்லும் பராமரிப்பில் சேர்ந்ததே. 2016-ஆம் ஆண்டு ‘மிராய்’ என்னும் தீநிரல், தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை யாரும் மாற்றாமல் விட்டிருந்த ஏராளமான காமிராக்களையும் பிற கருவிகளையும் வசப்படுத்தி, அவ்வாண்டு அக்டோபரில் பெரிய இணையதளங்கள் பலவற்றை முடக்கியது. காவலுக்கு வைத்த கருவியே அந்நியனுக்குக் கையாளானது!

புதிய காமிராக்கள் சில, இணைப்பு அறுந்தால் கைப்பேசிக்குத் தாமே செய்தி அனுப்புகின்றன என்பது உண்மை. ஆயினும் வலை மூடினாலோ, காற்றில் திசை திரும்பி வானத்தைப் பார்த்தாலோ இணைப்பு அறுவதில்லை. படம் வந்துகொண்டேயிருக்கும்; அதில் பயன் இராது.

எனவே, தோட்டமுள்ள வீட்டு மாணவர்களுக்கு என் வேண்டுகோள் இது. ஞாயிறுதோறும் கால் மணி நேரம் ஒதுக்குங்கள். ஒரு குறிப்பேட்டில் தேதி, பேட்டரியின் வோல்ட் அளவு, கடிகாரப் பிழை, கண்ணாடியின் நிலை ஆகியவற்றை எழுதுங்கள். கம்பத்தில் ஏறும் வேலையும் மின்னிணைப்பைத் தொடும் வேலையும் பெரியவர்களுக்கு உரியவை. கூர்ந்து நோக்குவது உங்களுடையது. மாதம் ஒருமுறை, இருட்டிய பின் அண்ணனையோ அப்பாவையோ வேலியோரம் கைவிளக்குடன் நடக்கச் சொல்லுங்கள். முகம் அடையாளம் தெரிகிறதா என்று நீங்கள் திரையில் பாருங்கள்.

ஆய்வுக்கூடத்தில் திருகு அளவியைக் கையில் எடுத்ததும் சுழிப்பிழை பார்த்த பிறகுதான் அளக்கத் தொடங்குகிறோம். ஒரு கம்பியின் தடிமனுக்கே அவ்வளவு கவனம் காட்டும் நாம், ஒரு குடும்பத்தின் ஆண்டு முழுதுக்குமான விளைச்சலைக் காக்கும் கருவிக்கு அதே கவனத்தைக் காட்ட வேண்டாமா?