திட்டத்துக்குப் பெயரானவர் எழுதிய நாவல்

சேவூர் வட்டாரத்து அரசுப் பள்ளிகளில் படித்து, அவிநாசிக்கும் திருப்பூருக்கும் பஸ் ஏறிக் கல்லூரி போகும் பெண்பிள்ளைகளின் கணக்கில் மாதம் 1,000 ரூபாய் வரவாகிறது. பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் நின்று திரும்பும் அம்மாக்களுக்கு அது பெரிய ஆறுதல். 2022இல் தொடங்கிய அந்தத் திட்டத்துக்கு மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரின் பெயர். அதற்கு முன் கல்யாண உதவித் திட்டத்துக்கும் அவர் பெயர்தான். விண்ணப்பம் எழுதிய வீடுகளிலெல்லாம் புழங்கிய பெயர். அவர் நாவலாசிரியர் என்பது அந்த வீடுகளில் எத்தனை பேருக்குச் சொல்லப்பட்டிருக்கிறது?

1936இல் ‘தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’ வெளிவந்தபோது அவருக்கு ஐம்பது வயது கடந்திருந்தது. பொட்டுக்கட்டும் வீட்டில் வளர்ந்தவர். மைனர்களிடம் சொத்தைக் கறக்கும் தந்திரம், தரகு, அந்த வீட்டு மூத்தவர்களின் அதட்டல் எல்லாம் உள்ளேயிருந்து அறிந்தவர். தேவதாசி ஒழிப்புச் சட்டம் 1947இல்தான் வந்தது; நாவல் அதற்குப் பதினோரு ஆண்டு முந்தியது. நடை கரடுமுரடுதான், பிரசங்கமும் நீளம்தான். ஆனாலும் அந்த வீட்டின் கணக்குவழக்கை வேறு யாராலும் அப்படி எழுதியிருக்க முடியாது.

1938 ஆகஸ்டில் உறையூரிலிருந்து சென்னை வரை நடந்த இந்தி எதிர்ப்புப் படையிலும் அவர் இருந்தார். அதே ஆண்டு நவம்பர் 13 அன்று சென்னையில் கூடிய பெண்கள் மாநாடுதான் ஈ.வெ.ரா.வைப் ‘பெரியார்’ என்று அழைக்கத் தீர்மானித்தது. தலைமை வகித்தவர் மறைமலையடிகளின் மகள் நீலாம்பிகை. அவர் தனித்தமிழ்க் கட்டுரைகள் எழுதியவர், வடசொல்லுக்குத் தமிழ்ச்சொல் காட்டும் அகரவரிசை தொகுத்தவர். அடுத்த நாளே கைக்குழந்தைகளோடு மறியலுக்குப் போய்ச் சிறை புகுந்த பெண்களும் உண்டு. தீர்மானம் பாடப்புத்தகம் வரை வந்துவிட்டது. நீலாம்பிகையின் நூல்களோ பழைய நூலகங்களில் தேடி எடுக்க வேண்டியவையாகிவிட்டன. ஊர்வலத்தில் நடந்த கால்களைக் கொண்டாடுகிறோம், எழுதிய கையை விட்டுவிடுகிறோம்.

அயர்லாந்தின் இலக்கிய மறுமலர்ச்சியிலும் இதே கதைதான். 1902இல் டப்ளினில் மேடையேறி அந்த நாட்டையே உலுக்கிய ‘கேத்லீன் நி ஹூலிஹான்’ நாடகம் வெகுகாலம் கவிஞர் யேட்ஸின் படைப்பாகவே அறியப்பட்டது. அதில் பெரும்பகுதி நாடகாசிரியர் லேடி கிரகரி எழுதியது என்று ஆய்வாளர்கள் பிற்பாடு காட்டினார்கள். அதைவிட இந்தச் சிற்றிதழை நடத்தும் எங்களை வதைப்பது ஆலிஸ் மில்லிகனும் ஆன்னா ஜான்ஸ்டனும் 1896இல் பெல்ஃபாஸ்டில் தொடங்கிய சிறு மாத இதழின் கதை. கட்டுரை, கவிதை, அலுவல் எல்லாவற்றையும் இருவரே சுமந்தார்கள். 1899இல் இதழை நிறுத்தும்போது, அரும்பாடுபட்டுச் சேர்த்த சந்தாதாரர் பட்டியலை அயர்லாந்து தேசியவாதி ஆர்தர் கிரிஃபித்தின் புதிய பத்திரிகைக்குக் கொடுத்தார்கள். அந்தப் பத்திரிகைக்கும் கிரிஃபித்துக்கும் வரலாற்றில் பெரிய இடம் கிடைத்தது. சந்தா ஒவ்வொன்றையும் கேட்டு வாங்கிச் சிற்றிதழ் நடத்துகிறவர்களுக்கு அந்தப் பட்டியலின் விலை தெரியும்.

எங்கள் சேவூரிலும் பிசிறு வெட்டுகிறவர்கள், செக்கிங் பார்க்கிறவர்கள், நிலக்கடலை ஏலத்துக்கு மூட்டை கொண்டுவருகிறவர்கள் எனப் பெண்களிடம் சொல்ல எவ்வளவோ இருக்கிறது. அடுத்த இதழிலிருந்து எட்டுப் பக்கம் அவர்களுக்கு. எழுத நேரமில்லாதவர்கள் சம்பள நாளான சனிக்கிழமை மாலையில் சொல்லட்டும், நாங்கள் எழுதிக்கொள்கிறோம். அச்சில் வருவது சொன்னவரின் பெயர். எழுதிக்கொண்டவரின் பெயர் வராது.