நாலுக்கு இரண்டு

போன வாரம் ஒருநாள் இரவு ஒன்பது மணிக்கு ஆரணியிலிருந்து அண்ணி பேசினார். "தம்பி, நாலு டிபி டிஸ்க்னு காசு கொடுத்து வாங்கினேன். உள்ள போட்டா ரெண்டுதான் காட்டுது. பாதி எங்க போச்சு?" குரலில் கோபத்தைவிட பயம்தான் அதிகம். பழைய டிஸ்க் நிரம்பிவிட்டது, புதியது ஏமாற்றுப் பொருளாக இருந்தால் என்ன செய்வது என்ற பயம்.

அந்தப் பயம் எனக்குப் புரியும். பெரியப்பா மகனான அண்ணன் தறியில் உட்காருகிறார், விற்பனை முழுக்க அண்ணி கையில். தறியிலிருந்து இறங்கும் ஒவ்வொரு புடவையையும் உடல், கரை, முந்தி என்று விரித்து வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். "ரெண்டு வருஷம் முன்ன எங்க அக்கா கல்யாணத்துக்கு வாங்கினோமே, அதே மாம்பழ மஞ்சள் வேணும்" என்று யாராவது கேட்டால், நிறத்தையும் கரையையும் எடுத்துக்காட்ட அந்த வீடியோதான் சாட்சி. ஆறு வருட உழைப்பின் நினைவு அந்தப் பழைய டிஸ்கில் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை வேலூரில் பஸ் ஏறி, கண்ணமங்கலம் வழியாக ஆரணி போய்ச் சேர்ந்தேன். கணினியில் டிஸ்க் மேனேஜ்மென்ட் என்ற பகுதியைத் திறந்ததும் விஷயம் தெரிந்துவிட்டது. டிஸ்கின் படத்தில் 2048 ஜிபி வரை ஒரு கட்டம். அதை ஒட்டி, தலையில் கறுப்புப் பட்டையோடு இன்னொரு கட்டம், 1678 ஜிபி, 'அன்அலகேட்டட்' என்ற குறிப்போடு. யாருக்கும் ஒதுக்காத வெற்றிடம் என்று பொருள். யாரும் எதையும் எடுத்துக்கொண்டு போகவில்லை. இடம் முழுதும் அங்கேயே இருந்தது, கணினிக்குத்தான் கை எட்டவில்லை.

ஏன் எட்டவில்லை? புதிய டிஸ்கை முதலில் பொருத்தும்போது, பாகம் பிரிக்கும் கணக்கை எந்த முறையில் எழுதுவது என்று விண்டோஸ் கேட்கும். எம்பிஆர் பழைய முறை, 1983இல் டாஸ் காலத்தில் வந்தது. ஜிபிடி புதியது. பொருத்திக் கொடுத்தவர் பழக்க தோஷத்தில் எம்பிஆரைத் தேர்ந்திருக்கிறார். அந்த முறையில் டிஸ்கின் ஒவ்வொரு துண்டுக்கும் எழுதும் முகவரிக்கு, 0 அல்லது 1 எழுத 32 இடங்கள்தான் உண்டு, ஒரு துண்டு 512 பைட். இப்படி எழுதக்கூடிய முகவரிகளின் எண்ணிக்கையை 512ஆல் பெருக்கினால் சுமார் 2.2 லட்சம் கோடி பைட் வரும். அதற்கு மேல் உள்ள துண்டுகளுக்கு எழுத முகவரியே கிடையாது.

நான் இதை விளக்கத் தடுமாறியபோது அண்ணன்தான் பிடித்துக்கொண்டார். "240 கொக்கி ஜக்கார்டுல 241ஆவது கொக்கி கேட்டா எங்க போறது? பாவுல இழை இருக்கும், தூக்கத்தான் ஆள் இல்ல." இதைவிடச் சரியாக என்னால் சொல்ல முடியாது.

டிஸ்க் மேனேஜ்மென்டில் முறையை மாற்றினால் டிஸ்கில் இருப்பது அழிந்துவிடும். அதனால் அண்ணி அதில் ஏற்கெனவே ஏற்றியிருந்த வீடியோக்களை முதலில் வேறு டிஸ்குக்கு மாற்றினோம். மாற்றியதில் நாலைந்தைத் திறந்து ஓடவிட்டும் பார்த்தோம். அவசரத்தில் இந்த ஒன்றை விட்டுவிட்டு அழுதவர்களை நான் பார்த்திருக்கிறேன். பிறகு டெலிட் வால்யூம். இடது ஓரத்தில் டிஸ்கின் பெயர் மேல் வலது சொடுக்கு, கன்வர்ட் டு ஜிபிடி டிஸ்க். கடைசியாக நியூ சிம்பிள் வால்யூம். கறுப்புப் பட்டை மறைந்து முழு டிஸ்கும் ஒரே கட்டமாக வந்தது.

டிரைவ் பட்டியலில் அதன் அளவாகக் காட்டியது 3.63 டிபி.

"இப்பவும் நாலு இல்லியே தம்பி?"

நியாயமான கேள்வி. டிஸ்க் செய்பவர்கள் பத்தின் பெருக்கில் எண்ணுகிறார்கள். அவர்களுக்கு ஒரு டெராபைட் (டிபி) என்பது ஒரு லட்சம் கோடி பைட். விண்டோஸ் இரண்டின் பெருக்கில் எண்ணுகிறது. அதற்கு ஒரு கிலோ என்பது 1024. கிலோவில் இந்த வித்தியாசம் 2.4 சதவீதம்தான். மெகா, கிகா, டெரா என்று ஒவ்வொரு படி ஏறும்போதும் அது மேலே மேலே சேர்ந்து, டெராவில் ஏறத்தாழ பத்து சதவீதமாகிறது. அதனால்தான் 500 ஜிபி டிஸ்க் 465 என்றும், ஒரு டிபி டிஸ்க் 931 ஜிபி என்றும் காட்டுகிறது. டிரைவின் மேல் வலது சொடுக்கி பிராப்பர்ட்டீஸில் பைட் கணக்கைப் பார்க்கச் சொன்னேன். அண்ணி விரலால் இலக்கங்களைத் தொட்டுத் தொட்டு எண்ணினார். நாலு லட்சம் கோடியைத் தாண்டியிருந்தது. வாங்கியது குறையவில்லை.

இரண்டே நிலைகளால் தகவலைக் குறிக்கும் பழக்கம் வந்த வழியில் பட்டு ஊர் ஒன்றும் இருக்கிறது. பிரான்சின் லியோன் நகரத்தில் 1804இல் ஜக்கார்டு என்பவர் தன் தறியில் அட்டை மாட்டினார். ஓட்டை இருந்தால் இழை தூக்கும், இல்லாவிட்டால் தூக்காது. இரண்டே நிலை. அந்த அட்டையை சார்லஸ் பாபேஜ் தன் கணக்கு இயந்திரத்துக்கு எடுத்துக்கொண்டார். 1890 அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஹோலரித் துளையிட்ட அட்டைகளால்தான் எண்ணினார். அண்ணன் வீட்டுப் பரணில் இன்றும் பழைய டிசைன் அட்டைகள் கோத்த சரம் கிடக்கிறது.

ஆனால் ஒரே பெயருக்கு இரண்டு அளவு இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அரிசிக்குப் பேர்போன ஆரணிக்கு இந்த வலி புதிதல்ல. ஒரு காலத்தில் படி என்ற ஒரே பெயரில் ஊருக்கு ஊர் வேறு கொள்ளளவு இருந்தது. 1956இல் சட்டம் போட்டு மெட்ரிக் அளவைக் கொண்டுவந்தது இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான். கணினி உலகிலும் முயன்றார்கள். 1998இல் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 1024 கணக்குக்கு கிபி, மெபி எனத் தனிப் பெயர்களையே சூட்டியது. ஆப்பிள் 2009இல் பத்தின் கணக்குக்கு மாறியது. விண்டோஸ் இன்னும் இரண்டின் கணக்கில் எண்ணிவிட்டு, பத்தின் பெயரை எழுதுகிறது. அமெரிக்காவில் வாங்கியவர்கள் வழக்கே போட்டார்கள். 2006இல் வெஸ்டர்ன் டிஜிட்டலும் அடுத்த ஆண்டு சீகேட்டும் சமரசம் செய்துகொண்டன. அதற்குப் பிறகும் கடையில் பெட்டியை நீட்டுகிறவர் "இது 3.63தான் காட்டும்மா" என்று ஒரு வார்த்தை சொல்வதில்லை. சொல்லியிருந்தால் "இப்பவும் நாலு இல்லியே" என்ற கேள்வியே வந்திருக்காது.

உண்மையான ஏமாற்றும் உண்டு என்பதால் இதில் எனக்கு இவ்வளவு அக்கறை. நம்ப முடியாத விலைக்கு '2 டிபி' என்று விற்கும் பென்டிரைவ்கள் முழு அளவையும் பொய்யாகக் காட்டும், உள்ளே கொஞ்சம்தான் இருக்கும். அந்தக் கொஞ்சம் நிரம்பியதும் கோப்புகள் சத்தமில்லாமல் கெட்டுப்போகும். எச்-டூ-டெஸ்ட்-டபிள்யூ என்ற இலவச மென்பொருள் முழுக்க எழுதி, திரும்பப் படித்துப் பார்த்து உண்மையைச் சொல்லிவிடும். குறைத்துக் காட்டுவதைவிட முழுதாகக் காட்டும் மலிவுப் பொருளைத்தான் சந்தேகிக்க வேண்டும் என்று அண்ணியிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

கிளம்பும்போது அவர் தன் கணக்கு நோட்டைத் திறந்தார். பட்டு நூலை வேகவைத்துப் பசையை எடுத்தால் எடை கால் பங்கு வரை குறையும். அதனால் நூல் அனுப்பும்போது ஒரு எடை, சாயம் ஏறித் திரும்பும்போது ஒரு எடை என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுவது அவர் வழக்கம். அதே பக்கத்தின் கீழே, டிஸ்க் என்று எழுதி, ஒரு பக்கம் 4, மறுபக்கம் 3.63 என்று குறித்துத் தேதி போட்டார்.