பல்லைப் பிடுங்கியும் போகாத வலி

கன்னத்திலோ தாடையிலோ மாதக்கணக்கில் வலிக்கிறது என்று யாரிடம் சொன்னாலும் கிடைக்கிற பதில் ஒன்றுதான்: "பல்லாத்தான் இருக்கும், பிடுங்கிட்டா சரியாயிடும்." பிடுங்கிய பிறகும் வலித்தால் பக்கத்துப் பல்லின் மீது சந்தேகம் விழும். அதுவும் போன பிறகு வலித்தால், எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "படத்துல ஒண்ணும் இல்லம்மா, மனசப் போட்டுக் குழப்பிக்காதீங்க" என்று அனுப்பிவைப்பார்கள். வலி மட்டும் கூடவே வீட்டுக்கு வரும்.

இந்த நம்பிக்கை காரணமில்லாமல் பிறந்ததல்ல. வாயில் வரும் வலிகளில் பெரும்பாலானவை சொத்தைப் பல்லாலும் ஈறு நோயாலும் வருபவை. அவற்றைப் பல் மருத்துவர் ஓரிரு வருகையில் தீர்த்தும்விடுகிறார். ஆனால் மூன்று மாதங்களைத் தாண்டியும் நீடிக்கிற வலிக்கு, அதாவது மருத்துவம் நாட்பட்ட வலி என்று வகைப்படுத்துவதற்கு, இதே கணக்கைப் போடுவதுதான் தவறு. வாய், முக வலிகளுக்கென்றே ஒரு சர்வதேச வகைப்பாடு 2020இல் வெளியானது. அதில் வலிகள் ஆறு பெரும் பிரிவுகளாக வகுக்கப்பட்டுள்ளன. பல்லும் ஈறும் சார்ந்த வலி அவற்றில் ஒன்று. தசை, தாடை மூட்டு, மண்டை நரம்புகள், ஒற்றைத் தலைவலி போன்றவை முகத்தில் வெளிப்படுவது, காரணம் புலப்படாதவை என மற்ற ஐந்து பிரிவுகளும் பல்லுக்கு வெளியே இருக்கின்றன. பொதுவாகச் சொல்லப்படும் வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கலாம்.

"வலிக்கிற இடத்தில்தான் கோளாறு இருக்கும்"

முகத்தின் உணர்ச்சிகளை மூளைக்குக் கொண்டுபோவது ட்ரைஜெமினல் என்ற நரம்பு. நெற்றிக்கு ஒன்று, மேல்தாடைக்கு ஒன்று, கீழ்த்தாடைக்கு ஒன்று என்று மூன்று கிளைகள் அதற்கு. பல், ஈறு, நாக்கு, சைனஸ், தாடைத் தசை எல்லாவற்றிலிருந்தும் வரும் செய்திகள் மூளைத்தண்டில் ஒரே நரம்புத் தொகுதியில் வந்து சேர்கின்றன. அந்தத் தொகுதியின் கீழ்ப்பகுதி கழுத்துத் தண்டுவடம் வரை நீள்வதால் கழுத்துத் தசைகளின் வலிச் செய்தியும் அங்கேதான் வருகிறது. பல இடங்களின் செய்தி ஒரே நரம்பணுவில் சேரும்போது, எங்கிருந்து வந்தது என்று பிரித்தறிவதில் மூளை தவறுகிறது.

கன்னத்தில் மெல்லும் தசை இறுகிக் கிடந்தால் கடைவாய்ப்பல் வலிக்கும். சைனஸில் சீழ் கட்டினால் மேல்வரிசைப் பற்கள் வரிசையாகக் கூசும். இதயத்துக்கு ரத்தம் போதாமல் போனால்கூடத் தாடை வலிக்கலாம். உருகுவே நாட்டில் 186 இதய நோயாளிகளிடம் நடத்தி 2007இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், சுமார் 6 சதவீதம் பேருக்கு முகம், தாடை, தொண்டைப் பகுதி வலி மட்டுமே ஒரே அறிகுறியாக இருந்தது, நெஞ்சுவலி இல்லை. படி ஏறும்போது வந்து, உட்கார்ந்ததும் விடுகிற தாடை வலிக்காரர் முதலில் போகவேண்டியது இதய மருத்துவரிடம்.

பல்தான் குற்றவாளியா என்று பார்க்க எளிய சோதனை ஒன்று இருக்கிறது. சந்தேகப்படும் பல்லைச் சுற்றி மரத்துப்போகும் ஊசி போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். உதடும் ஈறும் நன்றாக மரத்துவிட்டன, வலி மட்டும் அப்படியே இருக்கிறது என்றால் அது அந்தப் பல்லிலிருந்து வரவில்லை. வலி நின்றுவிட்டால் மட்டும் பல்லின் மீது தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. நரம்பு வலியும் அந்த ஊசியில் சிறிது நேரம் அடங்கும்.

"பிடுங்கினால் போய்விடும்"

ட்ரைஜெமினல் நியூரால்ஜியா என்ற நோயைப் பார்த்தவர்கள் இப்படிச் சொல்லமாட்டார்கள். லண்டன் மருத்துவர் ஜான் ஃபாதர்கில் 1773லேயே இதை விரிவாக விவரித்திருக்கிறார். முகத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் மின்சாரம் தாக்கியதுபோல் சுளீரென்று வெட்டும். சில நொடிகள், அதிகம் போனால் இரண்டு நிமிடங்கள். பிறகு நின்றுவிடும், மறுபடி வரும். முகம் கழுவுவது, பல் துலக்குவது, பேசுவது, மின்விசிறிக் காற்று படுவது போதும் அதைக் கிளப்ப. இந்த நோயாளியிடம் எங்கே வலிக்கிறது என்று கேட்டால் விரலைக் கன்னத்துக்கு அருகே கொண்டுபோய், தொடாமல், காற்றிலேயே நிறுத்திக் காட்டுவார். ஆண் என்றால் ஒரு கன்னத்தில் மட்டும் சவரம் செய்யாத தாடி இருக்கும். ஒரு பக்கப் பற்களில் மட்டும் அழுக்குப் படிந்திருக்கும். இத்தனையும் நோயைச் சொல்லும் தடயங்கள். எக்ஸ்ரேயில் இவை எதுவும் தெரியாது.

பெரும்பாலானவர்களுக்குக் காரணம் தலைக்குள் இருக்கிறது. நரம்பு மூளைத்தண்டை விட்டு வெளியேறும் இடத்தில் ஒரு ரத்தக்குழாய் அதை அழுத்தி, துடித்துத் துடித்து மேலுறையைத் தேய்த்துவிடுகிறது. உறை தேய்ந்த வயரில் மின்சாரம் கசிவதுபோல், தொடு உணர்ச்சி வலியாகப் பாய்கிறது. கோளாறு மூளைத்தண்டின் ஓரத்தில் இருக்கும்போது கடைவாய்ப்பல்லைப் பிடுங்கி என்ன பயன்?

பிறகு ஏன் சிலர், "எனக்குப் பல்லை எடுத்ததும் சரியாப் போச்சு" என்கிறார்கள்? இந்த வலிக்குத் தானாகவே வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஓய்ந்து கிடக்கும் குணம் உண்டு. வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் பல்லைப் பிடுங்குகிறார்கள். அதற்குப் பின் இயல்பாக வருகிற ஓய்வின் பெருமை குறட்டுக்குப் போய்விடுகிறது. சில மாதம் கழித்து வலி திரும்பும்போது அடுத்த பல் பலியாகிறது. சாதாரண வலி மாத்திரைகள் இந்த வலியைத் தொடுவதில்லை. தொடுவது கார்பமசெபின். சுவிட்சர்லாந்தின் கெய்கி நிறுவனத்தில் 1953இல் உருவான மருந்து அது. 1962இல் சுவீடன் மருத்துவர் சிக்ஃபிரிட் ப்ளோம் இந்த வலியில் அதன் பலனைப் பதிவுசெய்தார். இன்றும் முதல் மருந்து அதுவே. ஆனால் கடையில் கேட்டு வாங்கி விழுங்கக்கூடிய மருந்தல்ல. ரத்தத்தில் சோடியத்தைக் குறைக்கலாம். குறிப்பிட்ட ஒரு மரபணு வகை உள்ளவர்களுக்கு உயிருக்கே ஆபத்தான தோல் உரிவு வரலாம். அந்த மரபணு வகை ஆசியர்களிடம் கூடுதலாகக் காணப்படுவதால் முன்கூட்டியே ரத்தப் பரிசோதனை செய்வதுண்டு. மருந்து கேட்காதவர்களுக்கு, நரம்பை அழுத்தும் ரத்தக்குழாயை விலக்கி இடையில் சிறு பஞ்சுத்துண்டு வைக்கும் அறுவைச் சிகிச்சை இருக்கிறது. அமெரிக்க நரம்பியல் அறுவை நிபுணர் பீட்டர் ஜனெட்டா அதை நிலைநிறுத்தினார். இந்தி நடிகர் சல்மான் கான் தமக்கு இந்த நோய் இருந்ததையும் அமெரிக்காவில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டதையும் வெளிப்படையாகவே பேசியிருக்கிறார்.

பல் சிகிச்சைக்குப் பிறகே தொடங்கும் வலியும் உண்டு. ரூட் கேனல் செய்தவர்களில் ஏறத்தாழ 5 சதவீதம் பேருக்கு ஆறு மாதம் கழித்தும் வலி இருப்பதாக 2010இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு காட்டியது. அவர்களில் கணிசமானவர்களுக்குப் பல்லில் நோய் இல்லை. நரம்பு தன் போக்கில் வலிக்கிறது. அந்த இடத்தில் மறுபடி ரூட் கேனல், பிறகு வேர்முனை அறுவை, பிறகு பல் பிடுங்கல் என்று போவது, புண்பட்ட நரம்பை மேலும் மேலும் புண்ணாக்குவதாகும். பல் போன வெற்று ஈறும் வலிக்கும்.

"எக்ஸ்ரேயில் இல்லையென்றால் மனசில்தான்"

எக்ஸ்ரே எலும்பையும் பல்லையும் காட்டும். நரம்பைக் காட்டாது, தசையைக் காட்டாது. காட்ட முடியாத ஒன்று படத்தில் இல்லை என்பதை வைத்து நோயாளியின் வார்த்தையைச் சந்தேகிப்பது முறையல்ல.

இந்தச் சொல்லை அதிகம் கேட்டவர்கள் மாதவிடாய் நின்ற வயதுப் பெண்கள். மிளகாய் தின்றதுபோல் நாக்கு நாள் முழுக்க எரியும். கண்ணாடியில் பார்த்தால் நாக்கு பளிச்சென்று இருக்கும். புண் இல்லை, சிவப்பு இல்லை. பல ஆண்டுகளாக இது மனப்பிரமை என்று தள்ளப்பட்டது. 2005இல் இத்தாலியின் ஜூசெப்பே லாரியாவும் உடன் பணியாற்றியவர்களும் இத்தகைய நோயாளிகளின் நாக்கிலிருந்து மிகச் சிறு துணுக்கு எடுத்து நுண்ணோக்கியில் ஆராய்ந்தார்கள். நாக்கின் மேல்தோலில் இருக்கவேண்டிய மெல்லிய நரம்பிழைகள் கணிசமாகக் குறைந்திருந்தன. எரிச்சலுக்கு உடம்பில் தடயம் இருந்தது.

வாய் எரிகிறது என்று வருபவரிடம் முதலில் செய்யவேண்டியவை தெளிவானவை: இரும்புச்சத்து, பி12, சர்க்கரை, தைராய்டு பரிசோதனைகள், வாயில் பூஞ்சை இருக்கிறதா என்ற சோதனை, சாப்பிடும் மருந்துகளின் பட்டியல். தமிழ்நாட்டில் இன்னொரு கேள்வியும் கட்டாயம்: பாக்கு, குட்கா போடும் பழக்கம் உண்டா? காரம் பட்டாலே எரிந்து, வாய் திறக்கும் அளவும் நாளுக்கு நாள் குறைந்தால் அது பாக்கினால் வரும் நார்த்திசு நோயாக இருக்கலாம். புற்றுநோயாக மாறக்கூடியது என்பதால் அதைத் தவறவிடவே கூடாது.

மனத்துக்கு இதில் பங்கே இல்லை என்பதல்ல வாதம். தூக்கமின்மையும் கவலையும் வலியைக் கூட்டும், வலி அவற்றைக் கூட்டும். சர்வதேச வகைப்பாடு, நோயாளியின் மனநிலையையும் வாழ்க்கைச் சூழலையும் மதிப்பிடுவதற்கென்று தனிப் பகுதியே ஒதுக்கியிருக்கிறது. சிகிச்சையைச் சரியாக அமைக்க உதவும் தகவல் அது. அதையே ஆளை வெளியே அனுப்பும் சாக்காக்கக் கூடாது.

"மனச்சோர்வு மாத்திரை எழுதினால் பைத்தியம் என்று அர்த்தம்"

நரம்பு வலிக்கு எழுதிய அமிட்ரிப்டிலின் மாத்திரையைக் கூகுளில் தேடிவிட்டு, "எனக்கு மனநோய் மாத்திரை கொடுத்துட்டாங்க" என்று அழுதவர்கள் உண்டு. மருந்து தொடங்கியது மனச்சோர்வுக்குத்தான், உண்மை. ஆனால் மூளைத்தண்டிலும் தண்டுவடத்திலும் வலிச் செய்தியை அடக்கும் இயற்கையான தடுப்பு வழிகளை அது வலுப்படுத்துகிறது. மனச்சோர்வுக்கு 75 மில்லிகிராமும் அதற்கு மேலும் தருவார்கள். நரம்பு வலிக்கு இரவில் 10 மில்லிகிராமில் தொடங்கி மெல்லக் கூட்டுவார்கள். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும் என்பதையும், வாய் உலரும், தூக்கம் வரும் என்பதையும் சீட்டு எழுதும்போதே சொல்லிவிட்டால் பலர் நான்காம் நாளே மாத்திரையை நிறுத்தமாட்டார்கள்.

"தாடை சொடுக்கினால் கடியைத் திருத்த வேண்டும்"

இந்த வாதத்துக்கு வயது தொண்ணூறைத் தாண்டிவிட்டது. 1934இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரக் காது மூக்கு தொண்டை மருத்துவர் ஜேம்ஸ் காஸ்டன், கடைவாய்ப்பற்கள் போய்க் கடி, அதாவது மேல் பற்களும் கீழ்ப் பற்களும் பொருந்தும் விதம், தாழ்வதால்தான் காதுவலியும் முகவலியும் வருகின்றன என்று எழுதினார். அதிலிருந்து பல்லை ராவுவதும், கேப் போட்டுக் கடியை உயர்த்துவதும், மூட்டைத் திறப்பதும் பெருகின. உச்சகட்டமாக 1980களில் வைடெக் என்ற அமெரிக்க நிறுவனத்தின் டெஃப்ளான் கலந்த தகடுகள் தாடை மூட்டில் வைக்கப்பட்டன. மெல்லும் அழுத்தத்தில் அவை நொறுங்கின, துகள்களை எதிர்த்து உடல் போராடியதில் பக்கத்து எலும்பே கரைந்தது. 1990களின் தொடக்கத்தில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அவற்றைத் திரும்பப் பெறவைத்தது. வலியோடு வந்தவர்கள் பலர் சிதைந்த மூட்டோடு வாழ நேர்ந்தது.

வலியில்லாத வெறும் சொடுக்கு மக்களிடம் மிகச் சாதாரணம். அதற்குச் சிகிச்சை வேண்டாம். வலி இருந்தால், எந்தத் தசை, எந்த மூட்டு என்று விரலால் அழுத்திப் பார்த்தே கண்டறியும் முறை 2014இல் சர்வதேச அளவில் வகுக்கப்பட்டது. அழுத்தும்போது நோயாளி, "இதேதான் டாக்டர், இந்த வலிதான்" என்று தன் வலியை அடையாளம் சொல்ல வேண்டும் என்பது அதன் மையம். 2023 டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் வெளியிட்ட சர்வதேச வழிகாட்டுதல் முன்னிறுத்துவது தாடைப் பயிற்சிகள், கையால் செய்யும் பிசியோதெரபி, வலியைச் சமாளிக்கப் பழக்கும் உளவியல் பயிற்சி ஆகியவற்றை. கடியை நிரந்தரமாக மாற்றும் சாதனங்களும், மூட்டுக்குள் இருக்கும் வட்டை (டிஸ்க்) எடுக்கும் அறுவையும் வேண்டாம் என்று அழுத்தமாகவே சொல்கிறது.

அப்படியென்றால் என்ன செய்வது?

முகத்தில் மரத்துப்போதல், இரண்டு மூன்று வாரத்தில் ஆறாத புண், கூடிக்கொண்டே போகும் வீக்கம், ஐம்பது வயதுக்கு மேல் மெல்லும்போது தாடை ஓய்ந்து நெற்றிப்பொட்டு வலித்துப் பார்வையும் மங்குதல் ஆகியவை இருந்தால் தாமதமே கூடாது. கடைசியாகச் சொன்னது ரத்தக்குழாய் அழற்சி. அன்றைக்கே சிகிச்சை தொடங்காவிட்டால் பார்வை போகலாம். மின்சாரம் தாக்கியதுபோன்ற வலி இளம் வயதினருக்கோ இரு பக்கமுமோ வந்தால் எம்.ஆர்.ஐ. எடுத்து வேறு நரம்பு நோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மற்றபடி நோயைக் கண்டுபிடிப்பது பெரும்பாலும் கேள்விகள்தான். வலி எத்தனை நொடி, எத்தனை மணி நேரம்? எதைத் தொட்டால் வருகிறது? தூக்கத்தில் எழுப்புகிறதா? சாப்பிடும்போது கூடுகிறதா, குறைகிறதா? வாய் எரிச்சல் நோயில் சாப்பிடும்போது குறைவதுண்டு. தசை வலியில் கூடும். இந்தப் பதில்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போகும் நோயாளி, மருத்துவரின் வேலையில் பாதியை முடித்துவிடுகிறார்.

அமெரிக்காவில் வாய்-முக வலி 2020 மார்ச்சில் தனிப் பல் மருத்துவச் சிறப்புத் துறையாக அங்கீகரிக்கப்பட்டது. இந்தியாவில் இந்த வேலையைப் பெரிதும் செய்வது பல் மருத்துவக் கல்லூரிகளில் உள்ள வாய் மருத்துவத் துறை. ஓரல் மெடிசின் என்று கேட்டால் வழி காட்டுவார்கள். அங்கிருந்து நரம்பியலுக்கோ பிசியோதெரபிக்கோ அனுப்புவார்கள்.

அதுவரை நோயாளி தன் பல் மருத்துவரிடம் மரியாதையாகவே கேட்கலாம்: "டாக்டர், இந்தப் பல்தான்னு எதை வச்சு சொல்றீங்க? மரத்துப்போற ஊசி போட்டுப் பார்த்துட்டீங்களா?" நல்ல மருத்துவர் இந்தக் கேள்வியால் கோபப்படமாட்டார். வீக்கமோ காய்ச்சலோ சீழோ இல்லாதபோது, இன்னொருவரிடம் காட்டிவிட்டு வரும்வரை அந்தப் பல்லை இருக்கிற இடத்திலேயே விட்டுவைப்பதில் நஷ்டம் இல்லை. அடுத்த வாரமும் அதைப் பிடுங்கலாம். பிடுங்கிய பல்லைத் திருப்பி வைக்க முடியாது.